ஆறு கோடு போட்ட பாட்டில்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. இதில் ஓர் எழுத்து பொய்யானாலும் சொல்கிறவனுக்கு அடுத்த வேளைக் காபி தொண்டையில் இறங்காமல் போகட்டும்.

காவல் நிலையத்தின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், உச்சி வெயிலில், துப்பறியும் மூக்கர் ஒரு சைக்கிளின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூக்கின் மேல் கைக்குட்டை. கைக்குட்டையின் மேல் இன்னொரு கைக்குட்டை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது பள்ளிக்கூடச் சான்றிதழோடு நின்றுவிட்டது. ஒட்டிய தபால் உறையை மோந்து பார்த்து, ஒட்டியவன் அன்று காலை பல் தேய்த்தானா என்று சொல்லிவிடுகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்த மூக்கால்தான் அவருக்குப் பிழைப்பு. அந்த மூக்கால்தான் நரகமும். உலகத்தில் அவருக்கு அருவருப்பு தராத பொருள் இரண்டே இரண்டு: கொதிக்கிற தண்ணீர், புது சோப்பு.

"என்ன வாடை இது?" என்றார்.

"வேர்வை சார். அப்புறம் அந்த ஜெல்லு, பாக்கெட்டுல பிழிஞ்சு சாப்பிடுறது," என்றார் ஆய்வாளர். அந்தக் கொட்டகைக்குள்ளேயே நின்று வாழைப்பழம் உரித்துத் தின்கிற நெஞ்சுரம் அவருக்கு இருந்தது.

"அது ரெண்டும் தெரியுது. மூணாவதா ஒண்ணு இருக்கே?"

"மாமா, சைக்கிள்ல ஏறினா ஆறு மணி நேரம் இறங்க மாட்டாங்க. எதுக்காகவும் இறங்க மாட்டாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்றாள் குழாய்.

மூக்கர் யோசித்தார். யோசித்ததற்காக வருந்தினார். சைக்கிளைத் தொட்டிருந்த விரலைத் தன் உடம்பிலிருந்து முடிந்தவரை தூரமாக நீட்டி வைத்துக்கொண்டார்.

குழாய் அவருடைய அக்கா மகள். மருந்துக்கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். திறந்தால் மூடத் தெரியாது என்பதால் அந்தப் பெயர். கடைக்கு வந்தவர்களிடம் அவரவர் வியாதியைப் பற்றி நகைச்சுவையாகப் பேசியதால் வேலை போயிற்று. அன்றிலிருந்து மாமாவுக்கு உதவியாள்.

சைக்கிளின் சொந்தக்காரி ஒரு தபால்காரம்மா. மூன்று நாளைக்கு முன்னால் நடந்த போட்டியில் அவள் கலந்துகொண்டாள். கடலில் நாலு கிலோமீட்டர் நீச்சல், ஏறியதும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே பகலில். அன்றைய வெயிலைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சத்தியம் செய்துவிட்டதால் சொல்ல வேண்டியிருக்கிறது. தார் இளகி ஒருவருடைய இரண்டு ஷூவும் சாலையிலேயே நின்றுவிட, அவர் மட்டும் வந்து சேர்ந்தார். கடலில் ஆயிரத்து இருநூறு பேர் இறங்கி, ஆயிரத்து இருநூற்று ஒருவர் கரையேறினார்கள். அந்தக் கூடுதல் ஆள் யார் என்பது வேறு வழக்கு.

தபால்காரம்மா ஓட்டத்தில் முப்பத்தோராவது கிலோமீட்டரில் உளற ஆரம்பித்து, வாந்தி எடுத்து, விழுந்துவிட்டாள்.

"தண்ணி பத்தலன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க," என்றார் ஆய்வாளர். "ஆனா டாக்டரம்மா எடை போட்டுப் பாத்திருக்காங்க. காலையில அம்பத்தாறு கிலோ, கையில கட்டின பட்டையிலேயே எழுதியிருக்கு. விழுந்தப்போ அம்பத்தெட்டரை."

"ஓடி ஓடி எடை ஏறினவங்களை இப்பதான் கேள்விப்படுறேன். நான் உக்காந்த இடத்துலதான் ஏறுறேன்," என்றாள் குழாய்.

"விரல் வீங்கி மோதிரத்த வெட்டித்தான் எடுத்தாங்க. வழி நெடுக தண்ணி குடிச்சிருக்காங்க, உப்பு மட்டும் உள்ள போகவே இல்ல. ரத்தத்துல இருந்த உப்பு நீர்த்துப் போய் மூளை வீங்கியிருக்கு. நல்லவேளை, டாக்டரம்மா வெறும் குளுக்கோஸ ஏத்தாம உப்ப ஏத்துனாங்க. ஆள் பிழைச்சாச்சு."

"அப்போ வழக்கு?"

கொட்டகை வாசலிலிருந்து ஒரு கை நீண்டது. தபால்காரம்மாவின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர். உள்ளங்கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி. அதற்குள் வெயிலில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பத்துப் பன்னிரண்டு கேப்ஸ்யூல்கள். அவற்றின் மேல் எறும்புகள் கருப்பாக நெளிந்தன.

"பாருங்க சார். ஓட்டத்துல அரை மணிக்கு ஒண்ணுன்னு முழுங்கின உப்பு கேப்ஸ்யூல். என் தங்கச்சி புருஷன் கையால அடைச்சது. உப்ப எறும்பு மொய்க்குமா? உள்ள இருக்கிறது சர்க்கரை."

"இந்த பாட்டிலயும் சோதிச்சாச்சு," என்றார் ஆய்வாளர். சைக்கிளில் செருகியிருந்த பாட்டிலைக் காட்டினார். கெட்டியாகக் கலந்த பானம். மணிக்கு இவ்வளவு என்று உறிஞ்சிவிட்டு, வழியில் தருகிற தண்ணீரை மேலே குடிக்க வேண்டும். அளவு தெரிய வெளிப்பக்கம் கருப்பு டேப்பால் ஆறு கோடுகள். "இதுலயும் வெறும் இனிப்பு. அவரக் கேட்டா 'நான்தான் கலந்தேன், உப்பு போட்டுத்தான் கலந்தேன்'ங்கறாரு. உப்பு எங்க சார்? 'இதுதான் கடைசிப் போட்டி, இனிமே வேண்டாம்'னு நாலு பேர் முன்னாடி அவகிட்ட சொன்ன ஆளு வேற."

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"காலையிலதான் கண்ணு முழிச்சாங்க. 'வீட்டுக்காரர் கலந்ததத்தான் குடிச்சீங்களா'ன்னு கேட்டேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு அழுறாங்க. அவர் வந்தா மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்? ஆறு மணிக்கு அவர உள்ள வைக்கப் போறேன்."

மூக்கர் அந்தப் பாட்டிலை இரண்டு குச்சிகளால் பிடித்துத் தூக்கினார். வாய்ப்பகுதியில் உலர்ந்த எச்சில், அதில் ஓர் ஈ, ஈயின் காலில் ஜெல். குமட்டலை விழுங்கிக்கொண்டு கோடுகளைப் பார்த்தார். ஆறும் ஒரே அகலம். ஆறுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டியவை.

"சுத்தமான வேலை. இந்த இடத்துலயே இது ஒண்ணுதான் சுத்தம்," என்றார்.

*

கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அன்று காலை அவரே மூக்கரின் வாசலில் வந்து நின்று சொன்னது இதுதான்: "என்னை ஜெயில்ல போட்டாலும் போகட்டும் சார். அவ என்னைப் பாத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறா. அது ஏன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

இப்போது அவர் வீட்டுச் சமையலறையில் மூக்கர் மேசையோரமாக, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பெயிண்டர் ஆசையாகச் செய்முறை காட்டினார். உருளைக்கிழங்குத் தோலை அவித்த தண்ணீர், தசை பிடித்துக்கொள்ளாமல் இருக்க. வினிகர், அதற்குத் துணையாக. சர்க்கரை. உப்பு, கரண்டி கரண்டியாக. கடைசியில் நாலு முட்டையின் வெள்ளைக் கரு, தெம்புக்கு.

"மூணு நாள் ஜன்னலோரமா ஊற விட்டுடுவேன் சார். அப்பத்தான் சத்து இறங்கும்."

ஜன்னலோரத்தில் ஒரு பாட்டில் ஊறிக்கொண்டிருந்தது. போட்டிக்கு முன்னால் கலந்ததில் மிச்சம். ஆக மொத்தம் ஆறு நாள். மூடியைச் சுற்றி நுரை தள்ளியிருந்தது. சமையலறைக்குள் வந்து கொண்டிருந்த பூனை ஒன்று வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"உங்களுக்கு இந்த வாடை..." மூக்கரால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"வாடையா? எனக்கு மூக்கு போயி பத்து வருஷம் ஆச்சு சார். இருபத்திரண்டு வருஷமா தின்னர்ல கை நனைக்கிறேன்ல. உப்பா, இனிப்பா, அது மட்டும் நாக்குல ஏதோ கொஞ்சம் தெரியும்."

"மாமா, நீங்க ரெண்டு பேரும் மூக்க மாத்திக்கிட்டா ரெண்டு பேருமே சுகமா இருப்பீங்க," என்றாள் குழாய். பிறகு பெயிண்டரிடம் திரும்பினாள். "அந்த கேப்ஸ்யூல்ல ஏன் அண்ணே உப்பு இல்ல?"

"அதுல எதுக்கும்மா உப்பு? உப்பு பூரா பாட்டில்ல இருக்கே. கேப்ஸ்யூல்ல குளுக்கோஸும் இஞ்சிப் பொடியும். வயித்தப் பொரட்டாம இருக்க."

"இந்த பாட்டிலக் குடிச்சா அது கட்டாயம் தேவைதான்."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றார் மூக்கர்.

"நாலு தடவ சொன்னேன் சார். நாலு தடவயும் தலையாட்டினா."

எறும்புக்கு விடை கிடைத்தது. மூக்கர் ஜன்னலோரப் பாட்டிலைத் தூரத்திலிருந்தே பார்த்தார். அதிலும் ஆறு கோடுகள் இருந்தன. ஆனால் டேப் இல்லை; பச்சைப் பெயிண்டில் தூரிகையால் இழுத்த கோடுகள். மேலே மூன்றும் நெருக்கமாக, கீழே மூன்றும் விலகி விலகி.

"காலையில வெயில் இருக்காது, கொஞ்சம் குடிச்சாப் போதும். பதினொரு மணிக்கு மேல நிறைய வேணும். அதான் கீழ அகலமா விட்டிருக்கேன்," என்றார் பெயிண்டர். "டேப் எல்லாம் எதுக்கு சார்? கையில தூரிகை இருக்கு."

மூக்கர் எழுந்து நின்றார். "சைக்கிள்ல இருக்கிற பாட்டில் உங்களோடது இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க. இவங்க கூட்டத்துல டேப் ஒட்டுற பழக்கம் யாருக்கு?"

"பயிற்சியாளருக்கு. அவர்கிட்ட இருக்கிற எட்டுப் பேருக்கும் அவர்தான் கலந்து, டேப் ஒட்டிக் குடுப்பாரு. என் வீட்டுக்காரிக்கு மட்டும் நான் கலக்குறேன்," என்றபோது பெயிண்டரின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

குழாய் பயிற்சியாளரைத் தொலைபேசியில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"தபால்காரம்மா பாட்டில நீங்க மாத்தினீங்களா சார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஒருத்தருக்கு வாக்கு குடுத்தா மீற மாட்டேன்." வைத்துவிட்டார்.

"ஆள் மாட்டிக்கிட்டார்," என்றார் மூக்கர். "இவர் கலந்ததுல உப்பு இருந்துதுன்னு உறுதியாத் தெரிஞ்சா போதும். ஆய்வாளர்கிட்ட போயிடலாம்."

"அதுக்கு யாராவது குடிச்சுப் பாக்கணும் மாமா."

"நீ மருந்துக்கடைக்காரி."

"அதனாலதான் மாட்டேங்குறேன். எதைக் குடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

பெயிண்டர் ஒரு கரண்டியைக் கழுவித் துடைத்து, தளும்பாமல் நிரப்பி, இரண்டு கைகளாலும் நீட்டினார். பரிசு கொடுக்கிறவர் முகம் அவருக்கு. கரண்டியில் இருந்தது கரண்டியோடு சேர்ந்து அசையவில்லை. கொஞ்சம் தாமதமாக அசைந்தது. மூக்கர் கண்ணை மூடினார். மணி நாலே கால். ஒரு மனிதர் ஆறு மணிக்கு உள்ளே போகப் போகிறார். வாயைத் திறந்தார்.

உப்பு இருந்தது. அதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. உப்புக்குப் பின்னால் வந்ததைத்தான் எழுத்தில் வைக்க முடியவில்லை. மழையில் நனைந்த கோணிப்பைக்குள் யாரோ முட்டையை ஒளித்து வைத்துவிட்டு வெளியூர் போய்விட்ட மாதிரி இருந்தது. மூக்கருக்குக் கண்ணில் நீர் வந்தது, காது அடைத்தது, முழங்காலுக்குக் கீழே மரத்தது.

எதிரிலேயே பாத்திரம் கழுவுகிற தொட்டி இருந்தது. ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் பெயிண்டர் நின்று, "எப்படி சார்?" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகத்தில் எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்கிற மூக்கருக்கு, அந்த முகத்துக்கு முன்னால் துப்ப மனம் வரவில்லை. தலையை ஆட்டினார். நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி கையைக் காட்டினார். கன்னம் இரண்டும் உப்பியபடி பின்கதவைத் திறந்து வெளியே ஓடி, சுவர் மூலையில் இருந்த பூந்தொட்டியில் துப்பினார்.

துப்பிவிட்டு நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றார்.

பின்முற்றத்தில் பத்துத் தொட்டிகள். ஒன்பதில் ரோஜாக்கள் தளதளவென்று நின்றன. அவர் துப்பிய மூலைத் தொட்டியில் ஒரு காய்ந்த குச்சி மட்டும் இருந்தது. மண்மேல் வெள்ளையாக ஏடு படிந்து, வெயிலில் மின்னியது. தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசிய மாதிரி உப்பு. அதிலிருந்து மேலே வந்த வாடை மூக்கருக்கு ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அறிமுகமாகியிருந்தது.

பின்னாலேயே வந்த பெயிண்டர் சங்கடப்பட்டார். "அந்த மூலையில மட்டும் எது வெச்சாலும் செத்துப்போகுது சார். பதினோரு செடி மாத்திட்டேன். மண்ணு சரியில்ல போல."

"எத்தன வருஷமா?"

"மூணு வருஷமா."

"வீட்டம்மா எத்தன வருஷமா இந்தப் போட்டிக்குப் போறாங்க?"

"மூணு..." என்று ஆரம்பித்த பெயிண்டர், வாயை மூடாமலே நின்றார்.

மூக்கர் குழாயிடம் மெதுவாகச் சொன்னார். "தப்பாப் போயிட்டோம். பாட்டில யாரும் மாத்தல. வாயில வெச்சதத் துப்பணும், அவர் பாக்கக் கூடாது. நான் எங்க ஓடி வந்தேன்? இந்த வீட்டுல அதுக்கு இருக்கிறது இந்த ஒரே இடம்தான். அந்த பயிற்சியாளருக்கு மறுபடி போன் போடு. 'வாக்கு குடுத்தது அந்தம்மாவுக்குத்தானே'ன்னு மட்டும் கேளு."

குழாய் கேட்டாள். இந்த முறை பயிற்சியாளர் வைக்கவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

"மூணு வருஷமா என் பாட்டிலத்தான் குடிக்கிறாங்க. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும், சொல்லாதீங்கன்னாங்க. என் பாட்டில்ல இனிப்பு மட்டும்தான், உப்பு தனியா கேப்ஸ்யூல்ல குடுப்பேன். எப்பவும் வாங்கிக்குவாங்க. இந்தத் தடவ மட்டும், 'வேண்டாம், அவரே கேப்ஸ்யூல் அடைச்சு என் சட்டைப் பையில வெச்சிருக்கார், அதையாவது முழுங்குறேன்'னாங்க."

*

ஐந்தரை மணிக்கு மருத்துவமனை அறைக்குள் மூக்கர் நுழைந்தார். கிருமிநாசினி வாடை அவருக்குத் தாய்வீடு மாதிரி இருந்தது. ஆய்வாளரும் அண்ணனும் பின்னால் நின்றார்கள். தபால்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பெயிண்டரை வெளியே நடைபாதையில் குழாயின் காவலில் விட்டிருந்தார்கள்.

"அம்மா, பின்பக்கம் அந்த மூலைத் தொட்டியப் பாத்தேன்," என்றார் மூக்கர்.

முதுகு அசையவில்லை.

"நானும் அதுலதான் துப்பினேன்."

மெல்ல அவள் திரும்பினாள். வீங்கிய கண்களால் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குடிச்சீங்களா?"

"ஒரு கரண்டி."

"முழுசாவா?" என்றாள். அவள் குரலில் இருந்தது அனுதாபம்.

பிறகு எல்லாம் வந்தது. முதல் தடவை வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டதாம், இது ஆகாது என்று. ஆனால் ஒவ்வொரு போட்டிக்கும் மூன்று நாள் முன்னால் உட்கார்ந்து தோல் சீவி, அவித்து, வடிகட்டிக் கோடு போடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவர் கலந்ததைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பயிற்சியாளரிடம் வாங்கிக் குடித்தாள். இந்தத் தடவை அவர் புதிதாகக் கேப்ஸ்யூலும் அடைத்துக் கொடுக்க, மனது உறுத்தியது. பாதியாவது அவருடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"கேப்ஸ்யூல்னா உப்புன்னு நினைச்சுட்டேன். அவர் ஏதோ சொன்னாரு. எப்படியும் குடிக்கப் போறதில்லையேன்னு காதுல வாங்கிக்காமத் தலையாட்டினேன். அவரோடதுல உப்பு பாட்டில்ல, பயிற்சியாளரோடதுல உப்பு கேப்ஸ்யூல்ல. ரெண்டுலயும் பாதி எடுத்தேன், ரெண்டும் இனிப்பாப் போச்சு."

"அப்போ நான் கேட்டப்போ ஏன் அழுதீங்க?" என்றார் ஆய்வாளர்.

"குடிச்சேன்னு சொன்னா பொய். குடிக்கலன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. இத அவர் முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?"

"அதுக்குள்ள உன் புருஷன ஜெயிலுக்கே அனுப்பியிருப்போம்," என்றார் அண்ணன். கையிலிருந்த எறும்பு டப்பியை யாரும் பார்க்காதபடி குப்பைக் கூடையில் போட்டார்.

"ஜெயிலா?" அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

வாசலில் பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். குழாய் அவரைக் காவல் காத்த லட்சணம் அப்படி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்ட முகமாக இருந்தது.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார்.

குழாய்தான் வாயைத் திறந்தாள். "அண்ணே, மாமா நாலே காலுக்கு ஒரு கரண்டி குடிச்சாரு. வர்ற வழியில வண்டிய ஏழு இடத்துல நிறுத்தினோம்."

பெயிண்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மோதிரத்தை வெட்டி எடுத்த விரலை எடுத்துப் பார்த்து, வீக்கத்தின் மேல் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உப்பையும் சர்க்கரையையும் மட்டும் கலந்து குடுத்திருப்பேனே. நீ சாகப் பாத்தியேம்மா."

"இனிமே சொல்றேன். எதா இருந்தாலும் சொல்லிடுறேன்," என்றாள் அவள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

ஆய்வாளர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணன் மூக்கைச் சிந்தினார். மூக்கர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் பெயிண்டருக்கு ஏதோ தோன்றியது.

"ஏம்மா, கல்யாணம் ஆன நாள்லேருந்து தினமும் காலையில நான் போட்டுக் குடுக்கிற காபி?"

தபால்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெயிண்டர் எழுந்தார். கட்டிலைச் சுற்றிப் போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடைவெளியில் ஒடுங்கி நுழைந்து, அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டார். இந்த முறை அவளுக்குத் திரும்ப வேறு பக்கம் இல்லை.

அந்த வருடம் வெயில் அளவு மீறிப் போனதால், போட்டியை ஒரு வாரம் முன்னதாகவே ரத்து செய்திருந்தார்கள். சத்தியம் செய்தவன் இப்போதெல்லாம் காபி குடிப்பதில்லை, டீதான்.